அரிப்பு அண்ட் டயாலிசிஸ்

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி சொல்லிவிட்டாள்.

“வியாழக்கெழம நான் வர்ல. சனிக்கெழமயும் வர்ல. இனிமே வர்றதா இல்ல.”

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு குறுகல். ஆட்டோவைத் திருப்ப முடியாமல் டிரைவர் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். எதிரே வெல்டிங் பட்டறைக்காரர் காதிலும் விழுந்திருக்கும். அவள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. நேரே உள்ளே போய்த் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்கள் டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எங்களோடு வந்துகொண்டிருந்த ஒருவர் அப்படித்தான் பாதியில் நின்றார். அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சுவரில் பார்த்தபோது நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில்தான் இருந்தோம்.

ஊசிக்குப் பயந்து சொல்கிறாள் என்றால் சமாதானம் செய்யலாம். அந்தத் தடித்த ஊசிகளுக்கு அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. டயாலிசிஸ் மிஷினோடு மணிக்கணக்கில் கட்டிக்கிடப்பதற்கும் அவள் அழவில்லை. அவளை வீழ்த்தியது அரிப்பு. தோலில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிரங்கு இல்லை. உள்ளே எங்கேயோ அரிக்கும். முதுகு, முழங்கை, காலின் முன்பக்கம். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். துணி அளக்கும் மர ஸ்கேலால் முதுகைச் சொறிவாள். சீப்பு, கரண்டிக் காம்பு, கதவு விளிம்பு, எதுவும் மிச்சமில்லை. விரிப்பு எல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து சொறிந்துவிட்டால் அந்த இடம் அடங்கும், வேறு இடம் ஆரம்பிக்கும்.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். அவளிடம் வாயே திறக்கக் கூடாது என்று எனக்கு முன்பே உத்தரவு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெற்கே, தவளக்குப்பத்தைத் தாண்டி ஒரு நர்சிங் கல்லூரியில் நான் நூலகர். நர்சிங், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கென்று ஒரு டேட்டாபேஸுக்குக் கல்லூரி சந்தா கட்டுகிறது. நூலகத்துக் கணினிகளில் மட்டும்தான் அது திறக்கும். புத்தகங்களை அடுக்குவது என் வேலையில் பாதி என்றால், அந்த டேட்டாபேஸில் எப்படித் தேடுவது என்று மாணவிகளிடம் தொண்டை வறளக் கத்துவது மீதிப் பாதி.

அவர்கள் தேடும் அழகே தனி. ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே முழுசாகக் காப்பி செய்து தேடும் பெட்டிக்குள் ஒட்டிவிடுவார்கள். நர்சிங் ஆய்வேட்டுத் தலைப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில், தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளிடையே, இன்ன விஷயம் குறித்த அறிவின் மீது, திட்டமிட்ட கற்பித்தல் முறையின் பயனை மதிப்பிடுவதற்கான ஓர் ஆய்வு.’ இதைக் கொடுத்தால் எந்த டேட்டாபேஸும் கையை விரித்துவிடும். முடிவுகள் பூஜ்யம். உடனே என் மேஜைக்கு ஓடி வருவார்கள்.

“சார், இந்த டாப்பிக்ல ஒலகத்துலயே யாரும் ரிசர்ச் பண்ணல சார். நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

“ஆமாம்மா. நீ வருவன்னுதான் ஒலகம் காத்துக்கினு இருந்துது. நவுரு.”

பிறகு உட்கார்ந்து சொல்லித் தருவேன். வாக்கியத்தைத் தூக்கிப் போடு. இரண்டு சொல், மூன்று சொல் எடு. நடுவில் ‘அண்ட்’ போடு. ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவில் ‘ஆர்’ போடு. நாம் அரிப்பு என்போம், டேட்டாபேஸ் அதற்கு ப்ருரைட்டஸ் என்று ஒரு பெயர் வைத்திருக்கும், அந்தப் பெயரைக் கண்டுபிடி. தேவையில்லாததைக் கழி. சலி. சலித்துக்கொண்டே போனால் கடைசியில் தங்குவதுதான் உனக்கு வேண்டியது. இத்தனை வருடமாக நான் விற்றுக்கொண்டிருந்த சரக்கு இவ்வளவுதான், ஆனால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வக்காரன் மனைவிக்காக முதல் நாள் தேடியபோது என்ன செய்தேன் தெரியுமா? டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனைவிக்கு அரிப்பு நிற்கவில்லை, தூக்கம் இல்லை, என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத்தை அடித்து என்டர் தட்டினேன். முடிவுகள் பூஜ்யம். ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உலகத்திலேயே இது இவள் ஒருத்திக்குத்தான் வந்திருக்கிறது.

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு ஒழுங்காகத் தேடினேன். ப்ருரைட்டஸ் அண்ட் டயாலிசிஸ். திரை நிறையக் கட்டுரைகள் வந்து கொட்டின. எந்தெந்த நாட்டிலோ எத்தனையோ பேர் சொறிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆறுதல் வந்ததை மறைக்க மாட்டேன். ஆறுதல் அன்றைக்கு மட்டும்தான். தேடத் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. பாதிச் சொல் புரியாது. புரிகிற மாதிரி இருக்கும் கட்டுரையைச் சொடுக்கினால் சுருக்கம் மட்டும் வரும், முழுக் கட்டுரை பூட்டியிருக்கும். சந்தா அந்தப் பத்திரிகைக்கு இல்லையாம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனைப் போல அந்தச் சுருக்கங்களைப் படித்தேன்.

படித்ததையெல்லாம் வீட்டில் செய்து பார்த்தேன். சோப்பை மாற்றினோம். எண்ணெய் தடவினோம், அப்புறம் வேறு எண்ணெய். குளிர்ந்த துணியை வைத்து ஒற்றினேன். பருத்திப் புடவை தவிர வேறெதையும் உடுத்தவிடவில்லை. கையில் ஏதோ ஒரு புள்ளியை அழுத்தினால் அடங்கும் என்று போட்டிருந்தது. தினமும் அழுத்தினேன், என் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். எதைச் செய்தாலும் இரண்டொரு நாள் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். பிறகு பழையபடி ஸ்கேலைத் தேடுவாள். டாக்டர் அரிப்புக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரையில் தூக்கம் மட்டும் வந்தது. தூக்கத்திலும் கை நிற்கவில்லை.

“என் ஒடம்பு என்னா ஒங்க லைப்ரரியா?” என்றாள் ஒரு நாள். “வாரத்துக்கு ஒண்ணு புதுசா எடுத்துப் பாக்குறீங்க.”

எந்தக் கட்டுரையானாலும் தொடக்கத்தில் தவறாமல் ஒரு விஷயம் இருக்கும். முதலில் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் இருக்கும் பாஸ்பரஸை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அது கெட்டுப்போனால் பாஸ்பரஸ் ரத்தத்திலேயே தங்கும், அரிப்பைக் கிளப்பும் காரணங்களில் அதுவும் ஒன்று. அதைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை உண்டு. பெரிய வெள்ளை மாத்திரை. எங்கள் வீட்டிலும் அது இருந்தது, அட்டைகள் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டும் இருந்தன. அதனால் அந்த இடம் வந்தவுடன் என் கண் தானாகத் தாண்டிவிடும். தெரிந்த சங்கதியை எதற்குப் படிப்பது என்று அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.

அந்த மாத்திரைகளை அவள் போட்டுக்கொள்ளும் விதத்தைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளவுதான். இந்த ஊர் வெயிலில் நாள் முழுவதும் நாக்கை நனைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும். ஒரு நாளில் போட வேண்டிய மாத்திரைகளோ ஒரு கை நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர் என்றால் கிடைப்பதில் பாதி மாத்திரைக்கே போய்விடும். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை, மதியம், இரவு என்று பிரித்துக் கொடுத்திருந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு, ஒரே டம்ளர் வெந்நீரில் முழுங்கிவிடுவாள். “எப்ப போட்டா என்னா, எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதான போவுது?” மிச்சம் பிடித்த தண்ணீரை மத்தியான வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பாள். எனக்கும் அது சாமர்த்தியமாகத்தான் பட்டது. மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன், இல்லை சாப்பாட்டுக்குப் பின். மருந்துக் கடைக் கவரிலும் அந்த இரண்டுதானே போட்டிருக்கும்.

டயாலிசிஸ் பிரிவில் இந்த யோசனைக்கு ஏகப்பட்ட மதிப்பு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவளுக்கு உடம்பில் தண்ணீர் சேர்ந்து எடை அதிகம் ஏறாததைப் பார்த்து, “இந்த அம்மாவப் பாருங்க, தண்ணிய எவ்ளோ அழகா மிச்சம் புடிக்கிறாங்க” என்று ஒரு நர்ஸ் எல்லாரிடமும் சொன்னார். அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் விவரம் கேட்டார்கள், இவளும் உற்சாகமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அப்படிப்பட்டவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவளை மதாம் என்றுதான் கூப்பிடுவார். எதிர்க் கட்டிலில் தவளக்குப்பத்திலிருந்து வரும் ஒரு சின்னப் பெண், புதிதாக ஆரம்பித்தவள், செவ்வாயும் சனியும் மட்டும் வருவாள், காலை டிபனைக் கட்டிக்கொண்டு வந்து அங்கேயே சாப்பிடுவாள். தாகம் தாங்காமல் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு இவள் ஒரு நாள் மிஷின் ஓடிய நேரம் முழுக்கப் பாடம் எடுத்தாள். நோய் வந்த பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாஸ்பரஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கூடுதல். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அப்போதும் ஏறியது. பாஸ்பரஸ் அதிகம் உள்ள கருவாடு, பால் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பிள்ளைச்சாவடியிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் அம்மாளுக்கு ஒரு காலத்தில் எங்கள் வீடுதான் முதல் வாடிக்கை. நோய் வந்த பிறகு அந்தக் குரல் தெருவில் கேட்டாலே இவள் உள் அறைக்குப் போய்விடுவாள்.

“எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க” என்றார் டாக்டர். “ரத்தம் பொய் சொல்லாதும்மா.”

நான் அதை நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது கருவாடு வறுக்கும் வாசனை தூக்கியது. மாடி வீட்டில்தான் வறுத்துக்கொண்டிருந்தார்கள், அது பிறகு தெரிந்தது. சொறிந்த காயத்தைப் பார்க்கிற மாதிரி அவள் வலக்கையை எடுத்தேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். அவள் கவனித்துவிட்டாள். கையை மெதுவாக இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அத்தனை கட்டில்களுக்கும் கேட்கிற மாதிரி, “நீங்க வாயக் கட்டலன்னா நாங்க என்னாம்மா பண்ண முடியும்? இப்பிடித்தான் சொறிஞ்சுக்கினு இருக்கணும்” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த என்னைப் பார்த்தாள். நான் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அன்று முழுவதும் கெஞ்சினேன், கோபப்பட்டேன், மகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் ஸ்கேல் முதுகில் உரசும் சத்தம்தான். எனக்கு இருந்தது புதன்கிழமை ஒரே பகல்.

புதன் காலை நூலகத்தை நானே திறந்து, விளக்குக்கூடப் போடாமல் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்த எதையும் நான் செய்யவில்லை. அண்ட் இல்லை, ஆர் இல்லை. தோன்றியதையெல்லாம் அடித்தேன். தாங்க முடியாத அரிப்பு என்று அடித்தேன். அரிப்பால் சாக விரும்புகிறவர்கள் என்று அடித்தேன். புது மருந்து என்று அடித்தேன். வந்த மருந்துகளின் பெயரைக்கூட எனக்கு உச்சரிக்க வரவில்லை. கடைசியில் டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லும் நோயாளி என்று அடித்தேன்.

அதற்குக் கட்டுரைகள் வந்தன. ஏராளமாக வந்தன. டயாலிசிஸை நிறுத்த முடிவு செய்தவர்களின் குடும்பத்தாரிடம் நர்ஸ் எப்படிப் பேச வேண்டும், கடைசி நாட்களில் வலி தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், உறவினர்களுக்கு எதை எதைச் சொல்லித் தயார்படுத்த வேண்டும். பூட்டே இல்லை, எல்லாம் முழுக் கட்டுரைகள். நான் கேட்ட நாளெல்லாம் கதவைச் சாத்தின டேட்டாபேஸ் இதற்கு மட்டும் விரியத் திறந்து வைத்திருந்தது. அவசரமாக மூடினேன். வேறு எதையோ சொடுக்கிவிட, மறுபடி அதே பக்கம் வந்தது. ‘அமைதி காக்கவும்’ என்று நானே எழுதி ஒட்டியிருந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது என் மேஜை அருகே எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் தலைப்பு. டயாலிசிஸ் நோயாளிகளிடையே, தாங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் குறித்த அறிவின் மீது, இத்யாதி இத்யாதி ஓர் ஆய்வு. அதை முழுசாக ஒட்டித் தேடிப் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருத்தி சாகத் துணிந்து உட்கார்ந்திருக்கிறாள், இங்கே மாத்திரை குறித்த அறிவாம்.

“மாத்திரய முழுங்கறதுல என்னாம்மா ஆராய்ச்சி வேண்டிக்கெடக்குது?” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “கைடு மேடம் வெள்ளிக்கெழமக்குள்ள டூல் கேக்கறாங்க சார். இன்னும் ஒண்ணுகூடக் கெடைக்கல.”

டூல் என்றால் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளின் தொகுப்பு. பிறர் பயன்படுத்தியதைத் தேடி எடுத்துத் தமிழில் மாற்றிக்கொள்வார்கள். என் அழுகையை அவள் பார்த்திருப்பாளோ என்ற கூச்சத்தில் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. உட்கார்ந்து பழக்க தோஷத்தில் தேடிக் கொடுத்தேன். டயாலிசிஸ் அண்ட் மாத்திரை அண்ட் கேள்விப் பட்டியல். பூட்டில்லாத ஒரு கட்டுரை கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் கேள்விகள் இருந்தன. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

“பாஸ்பரஸ் மாத்திரையை எப்போது உட்கொள்வீர்கள்? சாப்பாட்டுக்கு முன், சாப்பிடும்போதே, சாப்பிட்டு முடித்த பின், தூங்கப் போகும் முன்…”

“எல்லாம் ஒண்ணுதானம்மா” என்றேன், தாளை அடுக்கிக்கொண்டே. “எப்ப போட்டா என்னா?”

“இல்ல சார். ரெண்டாவது மட்டுந்தான் கரெக்ட். சாப்புடும்போது சோத்தோட சோறா உள்ள போவணும். அப்பத்தான் அந்த மாத்தர சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸ அங்கயே புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்குப் போவ உடாது.”

தாள்கள் என் கையில்தான் இருந்தன. “ராத்திரி சாப்பாடு ஆனப்பறம், கொஞ்ச நேரம் கழிச்சு, மொத்தத்தயும் சேத்துப் போட்டா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேர்வில் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். “அதுக்குள்ள அது ஏறிடும் சார். அப்பறம் புடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காதே. காலையில, மத்தியானம் சாப்புட்டது மொத்தமும் எப்பவோ ரத்தத்துக்குப் போயிருக்கும். மாத்தர சும்மா வந்து சும்மா போயிடும்.”

என் பையில், வீட்டில் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பழைய கட்டுரை ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் பத்தி, நான் எப்போதும் தாண்டிக் குதிக்கும் இடம். பாஸ்பரஸ் மாத்திரை என்பதற்கு அடுத்தே, உணவோடு சேர்த்து, என்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இருந்தது. என் திறமையையெல்லாம் காட்டிச் சலித்துச் சலித்து அரிப்பைத் தேடினவன், ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தே கழித்துக் கொட்டியிருக்கிறேன்.

சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. முன், பின் என்று இரண்டே கட்டம் போட்ட மருந்துக் கவர்மேல் எரிந்தது. ரத்தம் பொய் சொல்லாது என்றவர்மேல் எரிந்தது. அவள் கையைப் பிடித்து மோந்த என் மூக்கின்மேல்தான் அதிகம் எரிந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். தவளக்குப்பம் சந்திப்பில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று பைத்தியக்காரத்தனமாக யோசித்தேன்.

அவள் தையல் மிஷின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் எப்படியெப்படியோ சொல்ல நினைத்திருந்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து உள்ளது உள்ளபடி சொன்னேன். சோற்றோடு போட வேண்டியதாம். சேர்த்துப் போட்டதால் அது வேலையே செய்யவில்லையாம். பாஸ்பரஸ் ஏறினது அதனால்தான் இருக்கும், அரிப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அரிப்பு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை, கட்டுரைகள் அப்படிச் சத்தியம் செய்யவில்லை.

அவள் முதுகைத் தேய்ப்பது நின்றுவிட்டது.

“அப்ப நான் கருவாடு சாப்புடல” என்றாள்.

“இல்ல.”

“இத ஒங்க கம்ப்யூட்டரு சொல்லித்தான் ஒங்களுக்குத் தெரியணும்.”

வாழ்நாளில் நான் கேட்டதிலேயே என்னை அதிகம் சுட்ட வார்த்தை அது. இரைந்துகூடச் சொல்லவில்லை.

“இத்தன மாசம் நான் முழுங்கனதெல்லாம்?”

“வீணாப் போச்சு.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “எல்லாரும் மெச்சுற மாதிரி தண்ணி மிச்சம் புடிச்சேன். அந்த நர்சம்மா கைதட்டாத கொற.”

“நாளைக்கு வருவியா?” என்றேன்.

“வர்றேன். அரிப்பு போவும்னு இல்ல. அந்த டாக்டரு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லணும். சொல்லிட்டு வந்து அப்பறம் நின்னுக்கறேன்.”

அன்று இரவு இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை மாத்திரையை வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அதை வாயில் போட்டு, அடுத்த கவளத்தோடு சேர்த்து விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் நின்று, கண்ணில் நீர் வந்து, ஒரு வாய் தண்ணீரில் இறங்கியது. மிச்சமிருந்த டம்ளரைப் பார்த்தாள். நாளைய வெயிலை நினைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை வந்தாள். ஊசி குத்தி, மிஷின் ஓட ஆரம்பித்து, டாக்டர் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரிப்போர்ட் அட்டையை எடுக்க அவர் கை நீட்டுவதற்குள் இவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“டாக்டர், நான் கருவாடு சாப்புடல. பாலும் குடிக்கல. அந்தப் பெரிய மாத்திரய சோத்தோட போடணுமாம். நான் தண்ணிய மிச்சம் புடிக்க எல்லாத்தயும் ராத்திரி சேத்துப் போட்டுக்கினு இருந்தேன். ஒங்க ரத்தம் பொய் சொல்லல. நானும் சொல்லல.”

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அந்த அறைக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். டாக்டர் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பாட்டோட போடணும்னு யாரும் சொல்லலயா?”

“யாரும் எப்ப போடறன்னு கேக்கல.”

“சரி. இனிமே சாப்பாட்டோட போடுங்கம்மா. அடுத்த டெஸ்ட்ல பாப்போம்.” மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் தலையணையில் சாய்ந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள். இனி வீட்டுக்குப் போய் நின்றுவிடுவாள் என்ற பயம் எனக்கு அப்போதுதான் முழுசாக வந்தது.

டாக்டர் வெளியே போன பிறகு பக்கத்துக் கட்டில் சொல்தா கழுத்தைத் திருப்பினார்.

“மதாம், நானும் ராத்திரியிலதான் மொத்தமாப் போட்டுக்கறேன். நீங்க சொன்னதுலேர்ந்து.”

இவள் அவருக்கும் மெதுவாக, பாதியில் பாதியில் நிறுத்தி, சோற்றோடு போடும் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி இருக்கும் கையை அசைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் காலில் அரிக்க ஆரம்பித்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கட்டில் முனையில் உட்கார்ந்து போர்வைக்குள் கை விட்டுச் சொறிந்துகொடுத்தேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டில் அன்றைக்குக் காலியாக இருந்தது.

“என்னாங்க, அந்தத் தவளக்குப்பத்துப் பொண்ணு இன்னிக்கு வராதில்ல?”

“வராது. அதுக்குச் செவ்வாயும் சனியும்தான்.”

“அதுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“ஆமா.”

அவள் காலை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள்.

“சனிக்கெழம கொஞ்சம் சீக்கிரமா ஆட்டோ சொல்லுங்க. அது டிபன் சாப்புடறதுக்குள்ள சொல்லிடணும்.”